அடுத்த அறையில் இருப்பவள்

திரையில் எட்டு வடிவங்கள். ஒன்பதாவது கட்டம் காலி.

அவள் விரல் யோசிக்காமலே சரியான விடையின் மேல் போய் நின்றது.

அடுத்தது வந்தது. வட்டத்துக்குள் ஒரு முக்கோணம். கட்டத்துக்குக் கட்டம் அது கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிக்கொண்டிருந்தது, தூக்கத்தில் புரள்வதைப் போல. அதையும் தொட்டாள்.

கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவள் அவள். இது அவளுக்கு விளையாட்டு.

அறை முழுக்க வெள்ளை. ஏசியின் ரீங்காரம் மட்டும். நீருக்கடியில் உட்கார்ந்திருப்பது போலிருந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் அவளுடைய முகம் இருந்தது.

அதை அவள் இன்னும் பார்க்கவில்லை.

தான் தத்துப்பிள்ளை என்பது சின்ன வயதிலேயே தெரியும். இரட்டையில் ஒன்று என்பது தெரியாது. இந்த ஆய்வு நிலையத்திலிருந்து போன் வந்த பிறகுதான் அப்பா வாயைத் திறந்தார்.

“ஆஸ்பத்திரியில ஒரே துணியில ரெண்டு பேரையும் போட்டிருந்தாங்க. எங்களால ஒண்ணைத்தான் வளர்க்க முடியும்னு தோணுச்சு. நீ அழுதுட்டிருந்தே. அதனால உன்னைத் தூக்கினேன்.”

அவள் அழுதிருக்கிறாள்.

மற்றவள் தூங்கியிருக்கிறாள்.

காலையில் ஆய்வாளர் பிரிசில்லா பொறுமையாக விளக்கினார். அறிவில் பிறப்போடு வருவது எவ்வளவு, வளர்ப்பில் வருவது எவ்வளவு என்று அவர்கள் தேடுகிறார்கள். பிரிந்து வளர்ந்த ஒற்றைக்கரு இரட்டையர் கிடைப்பது அபூர்வம். சோதனை முடியும்வரை இருவரும் சந்திக்கக் கூடாது.

“உங்களால முடிஞ்ச அளவுக்கு முயற்சி பண்ணுங்க. அது போதும்.”

அவள் தலையாட்டினாள்.

உதவியாளப் பெண் தண்ணீர் கொண்டுவந்தாள். கதவு திறந்த அந்தக் கொஞ்ச நேரத்தில் பக்கத்து அறையின் கதவும் திறந்திருந்தது.

“தப்பாப் போட்டா எதுவும் ஆயிடுமா மேடம்? நான் ஆறாவதுக்கு மேல படிக்கல.”

அவளுடைய குரல்.

காற்றும் வெயிலும் பட்டுக் கரகரத்துப்போன, அவளுடைய சொந்தக் குரல்.

கதவு மூடிக்கொண்டது.

திரையில் அடுத்த கட்டம் காத்திருந்தது. கோடுகள் மெல்ல ஆடின. அவை கோடுகளாக இல்லை. வேதாரண்யத்து உப்பளப் பாத்திகள். அவள் அங்கே போனதே இல்லை. தமயந்தி என்று பெயர், உப்பளத்தில் வேலை செய்கிறாள் என்று பிரிசில்லா சொன்னது மட்டும்தான் தெரியும். ஆனாலும் பாத்திகளுக்கு நடுவே, வெள்ளை வெளிச்சத்தில் ஒருத்தி குனிந்திருந்தாள். நிமிர்ந்தால் இவள்.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் அவள் தூங்காமல் இருந்திருந்தால்.

பசியோ எறும்போ, ஏதோ ஒன்று இவளை விட்டுவிட்டு அவளைக் கடித்திருந்தால்.

விடை தெரிந்தது. மூன்றாவது.

அவள் விரல் மூன்றாவதன் மேல் நின்றது. தொடவில்லை. பக்கத்தில் நகர்ந்து ஐந்தாவதைத் தொட்டது.

தெரிந்தே தவறு செய்வது இவ்வளவு கடினம் என்று அவள் நினைத்திருக்கவில்லை. கை கேட்கவில்லை. ஒவ்வொரு தடவையும் அதை விடையிலிருந்து பிடுங்கி எடுக்க வேண்டியிருந்தது. பிறகு பழகியது. ஒவ்வொரு தவறிலும் ஒரு படி இறங்குவதைப் போல, கணுக்கால், முழங்கால், இடுப்பு என்று தண்ணீர் ஏறிவந்தது. குளிரவில்லை.

எங்கோ கீழே, கால் தரையைத் தொடும் இடத்தில், இன்னொருத்தி நின்றிருப்பாள்.

பிரிசில்லாவின் முகம் ஒருமுறை நினைவுக்கு வந்தது. அவள் அதையும் தாண்டி இறங்கினாள்.

திரை அணைந்தது.

வெளியே நடைக்கூடத்தின் கடைசியில் இருந்த பெஞ்சில் தமயந்தி உட்கார்ந்திருந்தாள். இவளைக் கண்டதும் எழுந்தாள்.

கறுத்த, ஒடுங்கிய, பல வருடம் மூத்துப்போன தன் முகம். பாதத்தில் உப்பு அரித்த வெடிப்புகள். சேலை மட்டும் புதிது. மடிப்புக் கோடுகள் இன்னும் கலையவில்லை.

இருவரும் அழவில்லை. யார் முதலில் தொடுவது என்று தெரியாமல் நின்றார்கள். பிரிசில்லா கொஞ்சம் தள்ளிப் போய், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தமயந்திதான் கையை நீட்டினாள். உள்ளங்கை மரப்பட்டையைப் போலிருந்தது. அந்தச் சொரசொரப்பை இவள் தன் இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டாள்.

“கஷ்டமா இருந்துச்சுங்களா?” என்று இவள் கேட்டாள்.

“என்னை ஏன் வாங்க போங்கன்னு கூப்புடுற. நம்ம ரெண்டு பேருல யாரு மூத்தவளுன்னே தெரியாது.” தமயந்தி கொஞ்சம் யோசித்தாள். “கஷ்டமெல்லாம் இல்ல. எனக்கு சுலபமாத்தான் இருந்துச்சு. ஒனக்கு?”

“எனக்குத்தான் கஷ்டம். பாதிக்கு மேல ஒண்ணுமே புரியல.”

தமயந்தி இவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு முகத்தின் பக்கவாட்டில் பார்த்தாள். அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பொய் சொன்னா எனக்கும் இப்படித்தான்,” என்றாள் மெதுவாக. “காது செவந்துரும்.”

இவள் கை தன் காதுக்குப் போனது. சுட்டது.

தமயந்தி சிரித்தாள். சிரித்தபடியே புதுச் சேலையின் முந்தானையை இழுத்து, குளிருக்குப் போர்த்துவதைப் போல, தன் இரண்டு காதுகளையும் மூடிக்கொண்டாள்.