அனுப்பாத ஐந்து ‘க’

பழுதுபார்க்கும் மேசையில் மாலை வெயில் சாய்ந்து கிடக்கிறது. புதுத் திரை மாட்டிய போனில் டச் வேலை செய்கிறதா என்று பார்க்க, மெக்கானிக் கண்ணில் பட்ட வாட்ஸ்அப் சாட் ஒன்றைத் திறந்து ‘ககககக’ என்று தட்டுகிறார். போனுக்குச் சொந்தக்காரி பதறி எழுகிறாள். “ஐயோ அண்ணே, அதுல வேணாம்! தட்டினாலே ‘டைப் செய்கிறார்’னு அவருக்குக் காட்டும். பேசி நாலு மாசமாச்சு.” “சண்டையாம்மா?” “இல்லண்ணே, தங்கமான மனுஷன். நான்தான் ஒருநாள் பதில் போடல. மறுநாள் என்ன காரணம் சொல்றதுன்னு தெரியல. அப்புறம் நாளாக நாளாக வெட்கமாயிடுச்சு.” மெக்கானிக் அழிக்க விரலைக் கொண்டுபோகிறார். அதற்குள் அந்தப் பெயருக்குக் கீழே பச்சையாக எழுத்து துளிர்க்கிறது: டைப் செய்கிறார். மறைகிறது. மறுபடி துளிர்க்கிறது. அந்த வெளிச்சம் இருவர் முகத்திலும் படிகிறது. “கை வைக்காதீங்கண்ணே,” என்கிறாள். “அவர் எழுதட்டும்.”