புது பேரிங்குகள்

காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் சூப்பர்சார்ஜர் கீச்சிட்டால் பேரிங் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். அண்ணனுக்கு மெக்கானிக் மாலை வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். வீட்டுக் கார் அப்படித்தான் கீச்சிட்டது. மறுநாள் தங்கை அந்தக் காரில்தான் புது வேலையில் சேரப் போகிறாள். அவன் ஷெட்டிலேயே சூப்பர்சார்ஜரைப் பிரித்து, தேய்ந்த பேரிங்குகளைத் தட்டில் போட்டுவிட்டு, புதியவற்றைப் பொருத்தினான். தன்மேல் நம்பிக்கையில்லாமல் ஒவ்வொரு போல்ட்டையும் இரண்டு முறை முடுக்கினான்.

“இன்ஜினியர் சார், நாளைக்கு நடுவழியில நின்னா நீதான் வந்து தள்ளணும்,” என்றபடி தங்கை உள்ளே உட்கார்ந்தாள்.

“வாயை மூடிட்டு ஆக்ஸிலேட்டரை மிதி.”

தூக்கிய பானெட்டுக்கு அந்தப் பக்கம் அவள் மிதித்தாள். ஒரு நிமிடம் வண்டி வெண்ணெயாக ஓடியது. பிறகு அதே கீச்சொலி.

அவன் இன்ஜினை அணைக்கச் சொன்னான். பழையதையே திரும்ப மாட்டிவிட்டோமோ? அவளிடம் இறங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு மறுபடி பிரித்தான். பழையவை தட்டிலேயே கிடந்தன. கையில் வந்தவை புதியவைதான். ஆனால் அவற்றின் இரும்புக் குண்டுகள் பாதியாகத் தேய்ந்து, விளிம்பெல்லாம் துருவேறி, பல வருஷம் ஓடிய கோலத்தில் இருந்தன.

“என்னண்ணா, சரியாயிடுச்சா?” குரல் கரகரத்தது.

அவன் பானெட்டை இறக்கினான். கண்ணாடிக்குப் பின்னால், அம்மாவைவிட வயதான தங்கை நெற்றியில் விழுந்த நரைமுடியைச் சுருங்கிய விரல்களால் ஒதுக்கினாள்.

“சீக்கிரம் முடிண்ணா. நாளைக்கு முதல் நாளே லேட்டாப் போனா நல்லாவா இருக்கும்?”