ஏரியில் சிக்கிய சங்கரா

குடியரசு தின விடுமுறை, காலை எட்டு மணி. காவேரிப்பாக்கம் ஏரி நடுவே ஒரு படகு, மூன்று தூண்டில். இரண்டு வசந்த், நெல்வினுடையவை; மூன்றாவது தூண்டில் கிருபானந்தத்துடையது.

ராணிப்பேட்டைத் தோல் கம்பெனி ஒன்றில் தரம் பிரிக்கும் மேஜை அவர் வசம். தோலில் ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் "ரிஜெக்ட்" என்று வீசிவிடுவார். போன மாதம் கண்புரை ஆபரேஷன். நாளைக்குத்தான் திரும்ப வேலைக்கு வருகிறார்.

"பார்வை சரியில்லன்னா குடோனுக்கு மாத்திடலாம். கூடவே இருக்கிறவன், நீ பார்த்துச் சொல்லு" என்று சூப்பர்வைசர் வசந்திடம் மேனேஜர் சொல்லியிருந்தார். குடோனுக்குப் போன யாரும் மேஜைக்குத் திரும்பியதில்லை.

பதினோரு மணி வரை ஒரு மீன்கூடச் சிக்கவில்லை. கறுப்புக் கண்ணாடியோடு சாய்ந்திருந்த கிருபானந்தத்திடமிருந்து குறட்டை கேட்டது.

வசந்துக்குக் குறும்பு வந்தது. மதியம் வறுப்பதற்காக வாலாஜாவில் வாங்கி, ஐஸ் பெட்டியில் வைத்திருந்த சங்கரா மீன் ஒன்றை எடுத்து, அவர் தூண்டிலில் மாட்டித் தண்ணீரில் விட்டான்.

"வேணாம்டா, பேஜாராய்டும்" என்றான் ஸ்பிரே செக்‌ஷன் நெல்வின்.

"கடல் மீனுடா. தூக்குன ஒடனே 'ரிஜெக்ட்'னு கத்துவாரு பாரு... கிருபாண்ணா! தூண்டில் இழுக்குது!"

கிருபானந்தம் பதறி எழுந்து இழுத்தார். செக்கச்செவேலென்று மேலே வந்தது சங்கரா. கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஜிலேபிக் கெண்டைடா! இன்னா சைசு பாத்தியா!"

நெல்வின் மீனைத் தொட்டுப் பார்த்தான். "செவப்பா இருக்கே ண்ணா?"

"வெயில்ல கெடந்தா செவக்காதா?"

"சில்லுனு வேற இருக்கு..."

"ஆழத்துல இருந்து வருதில்ல."

யாரும் சிரிக்கவில்லை. வசந்த் துடுப்பை எடுத்துக் கரைப் பக்கம் படகைத் திருப்பினான்.

"இவ்ளோ பெரிய சங்கராவே தெரியல. ஊசி ஓட்டை எங்கேந்து தெரியப் போவுது?" என்று அவன் காதில் முணுமுணுத்தான் நெல்வின். "மேனேஜர் கேட்டா இன்னா சொல்லுவே?"

மறுநாள் காலையிலேயே மேனேஜர் கேட்டார்.

"கழுகுக் கண்ணு சார்" என்றான் வசந்த்.

சொன்னதற்குத் தண்டனையும் அன்றைக்கே ஆரம்பித்தது. ஷிப்ட் முடிந்ததும், கிருபானந்தம் பாஸ் போட்ட தோல்களை எல்லாம் வசந்தும் நெல்வினும் டியூப்லைட் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார்கள்.

"இன்னும் கெளம்பலயாடா?" என்பார் டிபன் பாக்ஸோடு போகும் கிருபானந்தம்.

"கொஞ்சம் வேலை ஜாஸ்தி ண்ணா."

"சரி சரி, வர்றேன்."

அவர் போன பத்து நிமிஷத்தில் கேன்டீனிலிருந்து இரண்டு டீயும் இரண்டு சமோசாவும் வரும். பசியில் இருந்தவர்கள் யார் அனுப்பியது என்று கேட்கவில்லை.

இரண்டு வாரம் தேடியும் ஒரு தப்புகூடச் சிக்கவில்லை.

"கண்ணு போனா இன்னாடா, மனுஷன் வெரலாலயே தடவிக் கண்டுபுடிக்கிறாரு" என்று கண்கலங்கினான் நெல்வின்.

"பாவம்டா. அவருக்குத் தெரியாம கடைசிவரைக்கும் நாமளே பாத்துக்கலாம்" என்றான் வசந்த்.

பிப்ரவரி 15, ஞாயிறு. மூவரும் மறுபடி ஏரிக்குப் போனார்கள். ராத்திரி தோல் பார்த்த அலுப்பில் வசந்தும் நெல்வினும் படகிலேயே தூங்கிவிட்டார்கள். "டேய் வசந்து, தூண்டில் இழுக்குது!" என்று கிருபானந்தம் எழுப்பினார். அன்று வசந்தின் தூண்டிலில் சிக்கியது, ஒரு வாளைக் கருவாடு.