மணிக்கட்டு வலி

எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார் டாக்டர்.

"நல்ல சேதி. மணிக்கட்டுல ஒண்ணுமே இல்ல. நீங்க தாராளமா கிதார் வாசிக்கலாம்."

கிதார் கலைஞரின் முகம் தொங்கிப்போனது.

"இருபத்திரண்டு வருஷம், ஒன்பது ஆல்பம் வாசிச்சாச்சு. போதும் டாக்டர். இனிமே வாசிக்கக் கூடாதுன்னு ஒரு வரி எழுதிக் கொடுங்களேன்."

"வேணாம்னா விட்டுட வேண்டியதுதானே? அதுக்கு எதுக்கு என் கையெழுத்து?"

"வெளியில உக்காந்திருக்கிறது எங்க அண்ணன். அவர்தான் எங்க டிரம்மர். மெட்டல் இசையை எனக்குக் காட்டினதே அவர்தான். பன்னெண்டு வயசுல கையில கிதாரைக் கொடுத்து, ஏழு ஏழாத் தாளம் எண்ணக் கத்துக் கொடுத்தார். எங்க குழுவுல பாடகரே கிடையாது, என் கிதார்தான் பாடணும். நான் விட்டுட்டா அவர் ஒடிஞ்சு போயிடுவார். எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுச் சொல்றது?"

"பொய்யா எழுதித் தர மாட்டேன்" என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

வெளியே வந்ததும் அண்ணன் பதறி எழுந்தார்.

"என்னடா சொன்னார்?"

தம்பி தரையைப் பார்த்துக்கொண்டு பொய்யைச் சொன்னார். "இனிமே கிதாரைத் தொடவே கூடாதாம்ண்ணே."

அண்ணன் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின.

"அழாதீங்கண்ணே..."

"அழலடா." நிமிர்ந்த அண்ணனின் முகத்தில் அப்படியொரு நிம்மதி. "முதுகுவலியோட மூணு வருஷமா, உனக்காகத்தாண்டா பல்லைக் கடிச்சுக்கிட்டு வாசிச்சேன்."