தூக்கம் வரல

பளுதூக்கும் அணிக்கு ஆள் எடுக்கும் தேதி தெரிந்த நாளிலிருந்தே மரியசெல்விக்குக் கண்ணோடு கண் மூடவில்லை. போன மாதம் பூக்கூடை போலத் தூக்கிய எடை, இன்று மேடையில் இரண்டு தடவையும் முழங்காலைத் தாண்டவில்லை. இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு. பயிற்சியாளர் இபோம்சா மணிப்பூர்க்காரர். ‘தூக்கு’ என்பதுதான் அவர் கற்றுக்கொண்ட முதல் தமிழ்ச் சொல். மீதித் தமிழை அதிலிருந்தே அவராக உருட்டிக்கொண்டார்.

“சார், தூக்கம் வரல,” என்றாள்.

“வரும்மா. தூக்கு, தூக்கு. தூக்கம் தானா வரும்,” என்று அவள் உள்ளங்கையில் வெள்ளைப் பொடியைத் தேய்த்துவிட்டார்.

சிரிப்பதா அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. “அது இல்ல சார்...” என்று தொடங்கியவள், மேடையோரம் அடுக்கியிருந்த எடைத்தட்டுகளின் மேல் கன்னத்தைச் சாய்த்தாள். இரும்பு சில்லென்று இருந்தது.

ஒலிபெருக்கியில் அவள் பெயர் வந்தது. மறுபடியும் வந்தது, இந்தத் தடவை வெகு தூரத்திலிருந்து. எழுப்புவதற்கு யாரோ ஓடிவந்தார்கள்.

“ஷ்... தூக்கம் வருது,” என்று இபோம்சா அவர்களைத் தடுப்பது கேட்டது.

எதைச் சொல்கிறார் என்று கேட்க அவளுக்கு நாக்கு எழவில்லை.