திரும்பி வரும் வழி

டயாலிசிஸ் முடிந்து தணிகாசலம் வெளியே வரும்போது மணி ஐந்தாகிவிடும். சென்னைச் சாலைகளில் ஓடும் ஒவ்வொரு வண்டிக்கும் வசூலிக்கும் நெரிசல் கட்டணம் உச்சத்தில் இருக்கும் நேரம் அது. விதிப்படி நோயாளி ஆஸ்பத்திரிக்குப் போவது 'சிகிச்சைப் பயணம்', அதற்குக் கட்டணம் இல்லை. வீடு திரும்புவது மட்டும் சொந்தப் பயணம். அவ்வளவு கட்டணம் அவருக்குக் கட்டுப்படியாகாது. அதனால் வாரத்தில் மூன்று நாளும், கட்டணம் இறங்கும் எட்டு மணிவரை ஆஸ்பத்திரி பெஞ்சில் சுருண்டு கிடப்பார்.

அவரை ஏற்றிப்போகும் ஆட்டோ ஓட்டுநர் ரெஜினாவுக்குப் பொறுக்கவில்லை. நேராக டாக்டரிடம் போனாள்.

"மருந்துச் சீட்டுல இன்னொரு வரி எழுதுங்க டாக்டர். ஆறு மணிக்குள்ள வீட்டுல படுத்தாகணும்னு."

"அது மருந்தாம்மா?"

"டயாலிசிஸ் முடிஞ்சதும் படுக்கணும்னு நீங்கதான சொல்றீங்க. அப்ப படுக்கப் போறதும் வைத்தியம்தான்."

டாக்டர் சற்று யோசித்து, எழுதிக் கையெழுத்திட்டார். ரெஜினா சீட்டை ஆட்டோவில் இருந்த கட்டணத் திரையில் காட்டினாள். 'சிகிச்சைப் பயணம்' என்று பச்சை எழுத்து வந்தது.

அடுத்த வாரத்துக்குள் அந்த வார்டின் பதினாறு பேரிடமும் அதே சீட்டு இருந்தது. சாலை அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி விசாரிக்க வந்தார்.

"விதியில ஓட்டை கண்டுபிடிச்சிருக்கீங்க போல."

"போக வழி குடுத்தீங்க சார், வர வழி குடுக்கல. ஓட்டை அங்கதான் இருந்துச்சு."

அதிகாரி அதைக் குறித்துக்கொண்டு போனார். அடுத்த மாதம் வீடு திரும்புவதும் சிகிச்சைப் பயணம் என்று விதி மாறியது; சீட்டே தேவைப்படவில்லை.

விதி மாறிய முதல் நாள், பெரிய கார்களுக்கு நடுவே ரெஜினா ஆட்டோவைச் சீராக ஓட்டினாள். பின்சீட்டில் தணிகாசலம், மேம்பாலம் ஏறும் முன்பே தூங்கிவிட்டார்.