மாமனார் செய்த கத்திக் கட்டை

மாமனார் கட்டைவிரலை நாக்கில் வைத்து எடுத்து, மரப்பலகையின் மேல் ஒரு தேய் தேய்த்தார். எச்சில் பட்ட இடத்தில் மரத்தின் ரேகை பளிச்சென்று தெரிந்ததும், அவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தி. அடுப்பருகே நின்றிருந்த மருமகளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

"என்ன மாமா பண்றீங்க?"

"கத்தியெல்லாம் சொருகி வைக்க ஒரு கட்டை செய்யறேம்மா. கடையில விக்கிறானே, அதே மாதிரி."

பட்டறை போட்டிருந்த இடம் சாப்பாட்டு மேசை. பலகைகளுக்கு நடுவே மெல்லிய சட்டங்களை வைத்து அடுக்கி ஒட்டினால், விட்ட இடைவெளியில் கத்தி போய் உட்கார்ந்துகொள்ளும். யோசனை என்னவோ நல்ல யோசனைதான், ஆனால் காலையிலிருந்து தட்டு, தம்ளர், தண்ணீர் ஜாடி எல்லாவற்றிலும் மரத்தூள். போதாததற்குப் பசை வேறு செத்த எலி மாதிரி நாறியது.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். மனிதர் ஒரு தீக்குச்சியை எடுத்துக் காதைக் குடைந்தார், நுனியில் வந்ததை உற்றுப் பார்த்தார், பனியனில் துடைத்தார். பிறகு அதே குச்சியால் பசையைத் தொட்டு இடுக்குகளில் தடவ ஆரம்பித்துவிட்டார்.

இந்தக் கட்டையில் சொருகிய கத்தியால் நறுக்கிய காயை மனுஷர் சாப்பிடுவதா என்று அவள் முகத்தைச் சுளித்தாள். இந்த லட்சணத்தில் ஐயா அடுத்தவரிடம் சுத்தம் வேறு பார்ப்பார். அவள் கழுவிக் கவிழ்த்த தட்டை, தான் ஒரு தடவை கழுவாமல் சாப்பிட உட்கார மாட்டார்.

போகட்டும், இன்னும் ஒரே ஒரு ராத்திரிதான். நாளைக் காலையில் சாமான் ஏற்ற வண்டி வந்துவிடும், அப்புறம் தனிக்குடித்தனம். எங்கெங்கோ வீடு தேடி அலுத்திருந்த சமயத்தில், ஒரு தரகர் தானாகவே போன் செய்து, அவள் மனதில் நினைத்த மாதிரியே ஒரு வீட்டைக் காட்டினார். அந்தப் புண்ணியவான் நன்றாக இருக்க வேண்டும் என்று அவள் வாழ்த்தாத நாளில்லை.

மாமனாரிடம்தான் இன்னும் சொல்லவில்லை. ஒரே பிள்ளை, மாமியாரும் போய்ச் சேர்ந்துவிட்டார். கேட்டதும் மனிதர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் பிள்ளை மனம் மாறிவிடுவான், கைக்கு எட்டிய வீடு போய்விடும் என்று அவளுக்கு உள்ளுக்குள் உதறல்.

பிள்ளையோ, "நீயே பக்குவமா சொல்லிடு" என்று விடிந்ததும் விடியாததுமாக வேலைக்கு நழுவியிருந்தான்.

அவள் தொண்டையைச் செருமினாள். "மாமா, உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்."

அவரும் செருமினார். ஆனால் அவருடைய செருமல் அடிவயிற்றிலிருந்து புறப்பட்டு, பாத்திரம் கழுவும் தொட்டியில் போய் முடிந்தது. "சொல்லும்மா" என்றார், புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு.

சொல்ல வந்தது அவளுக்கு உள்ளேயே போய்விட்டது. "இல்ல, நம்ம சமையல் மேடை இவ்வளவு நீளம் இருக்கே. அளந்து பார்க்காம இத்தனூண்டா செய்யறீங்களேன்னு கேட்டேன்."

"அதெல்லாம் அளந்தாச்சும்மா."

அவர் மேடையை அளந்து அவள் பார்க்கவே இல்லை. வாய் கூசாமல் பொய் வேறு என்று அவள் பல்லைக் கடித்தாள்.

அவர் உப்புத்தாளால் நாலு பக்கமும் தேய்த்து முடித்து, உஃப் என்று ஊதினார். தூள் நேராக அடுப்பைப் பார்த்துப் பறந்தது, அவள் பாய்ந்து சூப் பாத்திரத்தை மூடினாள். அவளுடைய கத்திகளை ஒவ்வொன்றாகச் சொருகி, கட்டையைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார்.

"இந்தா, இது உனக்குத்தான்."

இதற்கு மேல் அவளால் முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் கொட்டினாள். "வேணாம் மாமா, நீங்களே வச்சுக்குங்க. நாங்க நாளைக்குத் தனியாப் போறோம்."

நெஞ்சைப் பிடித்துக்கொள்ளும் சத்தம் எதுவும் கேட்கவில்லை. கண்ணைத் திறந்தபோது, அவர் கட்டையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தெரியும்மா. அந்த வீட்டுக்குத்தான் இதைச் செஞ்சேன். அங்க மேடை சின்னது, நேத்து போய் அளந்துட்டு வந்தேன்."

"உங்களுக்கு எங்க மேல கோபமே இல்லையா, மாமா?"

"கோபம் என்னத்துக்கு? சிறுசுங்க, தனியா சந்தோஷமா இருங்க."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படிப்பட்ட மனிதரையா இத்தனை நாள் கரித்துக்கொட்டினோம் என்று வெட்கமாக இருந்தது. அந்த நிமிஷத்தில் காதுக் குச்சியைக்கூட மன்னித்துவிட்டாள்.

இந்த ஒரு வேளையாவது அவருக்குப் பிடித்த மாதிரி ஆக்கிப் போட வேண்டும் என்று சூப்பை ஒரு கரண்டி மொண்டாள். ஊதி, வாய் வைத்து ஒரு மடக்கு உறிஞ்சிவிட்டு, மிச்சத்தைப் பாசத்தோடு அவரிடம் நீட்டினாள்.

"நீங்களும் உப்பு சரியா இருக்கான்னு பாருங்க, மாமா."

மாமனார் துள்ளிப் பின்னால் போய், பனியனை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டார்.

"இந்த எச்சிலுக்குப் பயந்துதாம்மா, உங்களுக்குத் தரகரையே அனுப்பினேன்."